பாஸ்தா தண்ணீரில் எண்ணெய் எதற்கு?

பாஸ்தா சமையல் வீடியோ எதைத் திறந்தாலும், கொதிக்கிற தண்ணீரில் முதலில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விழுகிறது. ஒட்டாதாம். எண்ணெய் மேலே மிதக்கிறது, பாஸ்தா அடியில் கிடக்கிறது. இரண்டும் சந்திப்பதே வடிக்கும்போதுதான். அப்போது அந்த எண்ணெய் பாஸ்தா மேல் படிந்து, அடுத்து ஊற்றும் சாஸைப் பிடிக்க விடாமல் வழுக்க வைக்கும். நுரை பொங்கி வழியாமல் இருக்கக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

ஒட்டுவதற்குக் காரணம் மாவுச்சத்து. காய்ந்த பாஸ்தா வெந்நீரில் விழுந்ததும் அதன் மேற்பரப்பு முதலில் நீரை இழுத்துப் பசையாகிறது. அந்த நேரத்தில் இரண்டு துண்டுகள் தொட்டபடி கிடந்தால் அப்படியே சேர்ந்து வெந்துவிடும், பிறகு பிரித்தால் கிழியும். முதல் இரண்டு நிமிடம் தாண்டிவிட்டால் மேல் பசை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, உடனே அடிவரை கரண்டி விட்டுக் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடம் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அவ்வப்போது. ஸ்பகெட்டிதான் அதிகம் படுத்தும்: இழைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துவிட்டால் முழு நீளத்துக்கும் ஒட்டும். கட்டாகப் போடாமல் விரித்துப் போடுங்கள். ஒடிக்கவும் வேண்டாம், அரை நிமிடத்தில் தானே வளைந்து உள்ளே இறங்கும்.

இத்தாலியில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லையென்றால் பாதித் தண்ணீரிலும் நன்றாகவே வேகும். கிளறுவதைக் கூட்டி, உப்பைப் பாதியாக்கினால் போதும். உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதும் கதை. இந்த அளவு உப்பு கொதிநிலையை ஏறக்குறைய 0.2 டிகிரிதான் ஏற்றும். உப்பு ருசிக்கு. வெந்தபின் மேலே தூவினால் உள்ளே ஏறாது.

எவ்வளவு கிளறியும் குழைகிறதா? பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். துரம் (durum) என்ற கெட்டியான கோதுமை வகையின் ரவையில் செய்தது நிமிர்ந்து நிற்கும். மைதா கலந்தது சீக்கிரம் நெகிழ்ந்து ஒட்டும், அதற்கு எந்த வித்தையும் பலிக்காது. இத்தாலியில் உலர் பாஸ்தாவைத் துரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் சேமியா உப்புமா உதிரியாக வருவதற்கு முன்கூட்டியே வறுப்பதுதான் பெரிய காரணம், எண்ணெய் ஊற்றிய தண்ணீர் இல்லை.

பாதிப் பேர் கோட்டை விடுவது வடித்த பிறகு. வடிதட்டில் ஐந்து நிமிடம் காத்திருக்கும் பாஸ்தா ஆற ஆற ஒரே கட்டியாகும். சாஸ் முதலில் தயாராக இருக்கட்டும். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, ஒரு கப் வடிநீரைத் தனியே வைத்துக்கொண்டு, பாஸ்தாவை நேரே சாஸில் போடுங்கள். வடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரு நிமிடம் புரட்டினால் சாஸ் திரண்டு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசினால் சாஸைப் பிடிக்கும் மாவுச்சத்தே போய்விடும். ஆறவைத்துச் சாப்பிடும் சாலடுக்கு மட்டும் அலசலாம்.

ஒட்டாமல் இருக்க எண்ணெய்க்கு வேலை இருக்கும் ஒரே இடம்: சாஸ் இல்லாமல் காத்திருக்க வேண்டிய பாஸ்தா. வடித்தவுடன், சூடாக இருக்கும்போதே, கால் கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் விட்டுப் புரட்டித் தட்டில் பரப்பிவிடுங்கள். அதற்குள் கட்டியாகிவிட்டதென்றால் கையால் பிய்க்க வேண்டாம், சூடான தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து மெதுவாக உலுக்குங்கள், பிரிந்துவிடும்.