மூன்று விரலா, நான்கு விரலா? முதலில் அதை முடிவு பண்ணுங்கப்பா!

டச்பேடில் கை வைக்கவே இப்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளலாம் என்று இரண்டு விரலை வைப்பேன். மூன்றாவது விரல் ஓரமாக உரசியிருக்கும். அவ்வளவுதான், எழுதிக்கொண்டிருந்த கோப்பு, பார்த்துக்கொண்டிருந்த கணக்கு, பேசிக்கொண்டிருந்த மீட்டிங் எல்லாம் மாயம். வெறும் வால்பேப்பர் பல்லைக் காட்டும். அந்த நேரம் பார்த்து ஸ்கிரீன் ஷேர் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். "சார், உங்க டெஸ்க்டாப்தான் தெரியுது" என்று ஒரு குரல் வரும். எனக்கும் அதுதானய்யா தெரிகிறது!

விண்டோஸ் 11இல் மூன்று விரலைக் கீழே இழுத்தால் டெஸ்க்டாப். மேலே தள்ளினால் திறந்திருக்கிற எல்லாம் பரப்பி வைத்ததுபோல வந்து நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த ஆப். நான்கு விரலைப் பக்கவாட்டில் இழுத்தால், ஒரே மெஷினில் தனித்தனியாகப் பிரித்து வைத்த டெஸ்க்டாப்களில் அடுத்ததற்கு மாறிவிடும். சரி, மனப்பாடம் பண்ணிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மேக்கில் உட்கார்ந்து அதே மூன்று விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த ஆப் வராது, அடுத்த ஸ்பேஸ் வரும், டெஸ்க்டாப்புக்கு அங்கே அப்படிப் பெயர். லினக்ஸில், க்னோம் என்ற திரை அமைப்பின் 2021இல் வந்த 40ஆம் பதிப்பு முதல், மூன்று விரலுக்கு வொர்க்ஸ்பேஸ் மாறும், அதுவும் டெஸ்க்டாப்தான். அதாவது ஒரு ஊரில் நான்கு விரல் செய்கிற வேலையை இன்னொரு ஊரில் மூன்று விரல் செய்கிறது. மனிதனின் கை எல்லா ஊரிலும் ஒரே கைதானே? அலுவலகத்தில் ஒரு மெஷின், வீட்டில் ஒரு மெஷின், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்று வைத்திருப்பவன் எத்தனை கையை வைத்துக்கொள்வது?

"விரலை விடுங்க, கீபோர்டு இருக்கே" என்பார்கள். இருக்கிறது, இருக்கிறது. ஆல்ட்+டேப். ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது. அதையாவது விட்டு வைத்தார்களா? 2020 அக்டோபர் அப்டேட்டில் விண்டோஸ் 10 என்ன செய்தது தெரியுமா? எட்ஜ் பிரவுசரில் திறந்திருக்கும் டேப்களையும் தனித்தனி விண்டோ மாதிரி ஆல்ட்+டேப் வரிசையில் கொண்டுவந்து செருகியது. நேற்று வரை வேர்டு, எக்செல், மெயில் என்று ஒழுங்காக இருந்த வரிசையில் திடீரென்று ரயில் டிக்கெட் பக்கம், பாதி படித்த செய்தி, சமையல் குறிப்பு. யார் கேட்டார்கள் இதை? நிறுத்த வழி உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங் என்று உள்ளே போய்த் தேட வேண்டும். கேட்காமல் செருகியவர்கள் நீங்கள், தேடிப்போய்ப் பிடுங்குவது நானா?

மேக்கில் கதை வேறு. அங்கே கமாண்ட்+டேப் விண்டோவுக்கு விண்டோ தாவாது, ஆப்புக்கு ஆப்தான் தாவும். இரண்டு வேர்டு ஃபைலைத் திறந்து வைத்து ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதுகிறவன் கமாண்ட்+டேப்பை எத்தனை முறை தட்டினாலும் பிரயோஜனமில்லை. அதற்கு டேப்புக்கு மேலே உள்ள இன்னொரு பட்டன். அதுகூடப் பரவாயில்லை. ஒரு விண்டோவை மினிமைஸ் பண்ணிவிட்டுக் கமாண்ட்+டேப்பில் அந்த ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். மேலே மெனு மாறும், ஆப் வந்துவிட்டதாக மெஷின் சொல்லும், விண்டோ மட்டும் வராது! வரவேண்டும் என்றால் கமாண்டை விடுவதற்கு முன்னால் ஆப்ஷனையும் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இதை யோசித்தவரை ஒருமுறை நேரில் பார்க்க ஆசை.

விண்டோவைப் பாதிப் பாதியாக நிறுத்துவதையும் சொல்லியாக வேண்டும். 2009இல் விண்டோஸ் 7 இதைக் கொண்டுவந்தபோது உண்மையாகவே மகிழ்ந்தவன் நான். விண்டோஸ் பட்டனோடு இடது அம்பு, வலது அம்பு. சுத்தமான வேலை. அதே வசதியை மேக் தானாகத் தருவதற்கு 2024இல் செக்கோயா என்ற பதிப்பு வரவேண்டியிருந்தது. அதுவரை மேக்காரர்கள் தனியாக ஓர் ஆப்பைப் போட்டுத்தான் காலம் தள்ளினார்கள். பதினைந்து வருஷம் கழித்துக் கொடுத்தாயே, ஒழுங்காகக் கொடுத்தாயா? விண்டோக்களுக்கு நடுவே இடைவெளி விட்டு நிறுத்துகிறது. லேப்டாப் திரையே குறுகல், அதில் அலங்காரத்துக்கு இடம் விட வேண்டுமா? அதையும் செட்டிங்ஸில் போய்த்தான் அணைக்க வேண்டும்.

விண்டோஸ் 7இலேயே இன்னொன்றும் வந்தது. தலைப்புப் பட்டையை மவுஸால் பிடித்து உலுக்கினால் மற்ற எல்லா விண்டோவும் மினிமைஸ் ஆகும். நகர்த்தும்போது கை கொஞ்சம் ஆடினாலும் திரை காலியாகிவிடும் என்று ஒரு கூட்டம் திட்டியது. இன்னொரு கூட்டம் அதற்குப் பழகியே போனது. பழகியபின் விண்டோஸ் 11இல் அதைச் சத்தமில்லாமல் அணைத்து வைத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஆளுக்கொரு முறை வயிற்றெரிச்சல்.

ஷார்ட்கட் என்பதே மூளையைக் கேட்காமல் விரல் செய்கிற வேலை. அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்த கிண்ணத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒருவர் வந்து வெந்தயத்தைக் கொட்டிவிட்டுப் போனால் வீட்டில் சும்மா விடுவார்களா? இங்கே அப்படித்தான் நடக்கிறது, கேட்க ஆளில்லை.

சான்று வேண்டுமா? விண்டோஸ் பட்டனோடு சி. 1994இல் மைக்ரோசாஃப்ட் தன் நேச்சுரல் கீபோர்டில் அந்த விண்டோஸ் பட்டனைக் கொண்டுவந்தது. அதோடு டி அழுத்தினால் டெஸ்க்டாப், ஈ அழுத்தினால் எக்ஸ்புளோரர், எல் அழுத்தினால் பூட்டு. இவற்றில் கை வைக்கவில்லை, நன்றி. சி-க்கு மட்டும் நாதியில்லை. 2012இல் விண்டோஸ் 8இல் அதை அழுத்தினால் வலது ஓரத்திலிருந்து சார்ம்ஸ் என்றொரு பட்டை வரும். விண்டோஸ் 10இல் கோர்ட்டானா என்ற குரல் உதவியாளர் காதைத் தீட்டிக்கொண்டு "சொல்லுங்க" என்று நின்றது. விண்டோஸ் 11 வந்த புதிதில் டீம்ஸ் ஆப்பின் அரட்டைப் பெட்டி திறந்தது. அப்புறம் 2023இல் கோபைலட் என்ற ஏஐ உதவியாளர். ஒரே எழுத்துக்கு நான்கு முதலாளி! நல்ல காலம், நான் அதற்குப் பழகவே இல்லை.

பழகியதால் மாட்டியது வேறொன்று. கன்ட்ரோல்+ஆல்ட்+அம்பு. லினக்ஸில் அதை வைத்து வொர்க்ஸ்பேஸ் மாற்றிப் பழகிய கை இது. அதே கையால் வேறொரு மெஷினில் கீழ் அம்பைத் தட்டினேன். திரை தலைகீழாகக் கவிழ்ந்தது. பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர்களில் அந்தச் சேர்க்கைக்குத் திரையைச் சுழற்றும் வேலை கொடுத்திருந்தார்கள். திரையைத் தலைகீழாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த அத்தனை பேருக்காகவும் இவ்வளவு எளிதான ஷார்ட்கட். கவிழ்ந்த திரையில் மவுஸை மேலே நகர்த்தினால் அம்புக்குறி கீழே போகும். செட்டிங்ஸைத் தேடுவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். மேல் அம்பைத் தட்டினால் நிமிரும் என்பதை அந்த நேரத்தில் யார் வந்து சொல்வது?

இதெல்லாம் எல்லோருக்கும் பொது. தமிழில் தட்டச்சு செய்கிறவனுக்குத் தனியாக ஒரு கொசுறு உண்டு. ஆல்ட்+டேப்பில் ஒரு விண்டோ தாண்டிப் போய்விட்டால் பின்னால் வர ஆல்ட்+ஷிப்ட்+டேப். ஆல்ட்+ஷிப்ட் வரை அழுத்திவிட்டு மனம் மாறி விரலை எடுத்தீர்கள் என்றால் விண்டோஸ் மொழியை மாற்றிவிடும். மாறியது உங்களுக்குத் தெரியாது. நேரே பாஸ்வேர்டு பெட்டியில் போய் அடிப்பீர்கள். அங்கே எல்லாம் கறுப்புப் புள்ளி. தமிழில் அடிக்கிறோமா, ஆங்கிலத்தில் அடிக்கிறோமா, ஒன்றும் தெரியாது. தவறு என்கும், மறுபடி தவறு என்கும், கணக்கே பூட்டிக்கொள்ளும். மேக்கில் மொழி மாற்ற கன்ட்ரோல்+ஸ்பேஸ். புரோகிராம் எழுதுகிறவர்களின் எடிட்டரில் அதே கன்ட்ரோல்+ஸ்பேஸ்தான் மீதி வரியை நிரப்பித் தரும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடுவது? மொழியையா, சோற்றையா?

இப்படி எதையாவது சொன்னால் உடனே ஒரு மேதாவி வருவார். "செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே, ப்ரோ." மாற்றலாம்தான், ப்ரோ. எத்தனை மெஷினில் மாற்றுவது? ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் உட்கார்ந்து மாற்றுவதா? பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்காருகிறவர் என்ன செய்வார்? அலுவலக லேப்டாப்பில் பாதி செட்டிங்ஸ் சாம்பல் நிறத்தில், தொட முடியாமல் கிடக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சொல்லப்போனால் பட்டனையே பிடுங்கிவிட்டார்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பட்டனை அறிவித்தது. அதன்பின் வருகிற பல லேப்டாப்களில் அது உட்கார்ந்திருப்பது வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில். வலது கன்ட்ரோலை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் பயன்படுத்துகிறேன். இடது கை மவுஸிலோ டீ டம்ளரிலோ இருக்கும்போது வலது கை தனியாக எத்தனை வேலை செய்யும் தெரியுமா? கன்ட்ரோலும் பக்கத்து அம்பும் சேர்ந்தால் வார்த்தை வார்த்தையாகத் தாவலாம். இப்போது தாவ நினைத்தால் ஒரு ஏஐ பெட்டி திறந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறது. என் கன்ட்ரோல் வேண்டும், அதைக் கொடு!

பவர்டாய்ஸ் என்று மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதை வைத்து இந்தப் பட்டனை மறுபடி கன்ட்ரோலாக மாற்றப் பார்க்கலாம். எங்கள் அலுவலகத்தில் புதிதாக எதை நிறுவினாலும் ஐ.டி. பிரிவின் அனுமதி வேண்டும். டிக்கெட் போட்டிருக்கிறேன். படிவத்தில் 'தொழில் சார்ந்த தேவை' என்றொரு கட்டம். "வலது கன்ட்ரோல் பட்டன்" என்று எழுதினேன். கூடுதல் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.