பறைதல் யாருடைய சொல்?

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்து அம்மை ஒருவர் ‘நான் பறஞ்சதக் கேளு மக்களே’ என்று பேசியதற்கு, கீழே திரண்ட தமிழ்க் காவலர்கள் ‘இது மலையாளம்’ என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சொல்லுதல் என்னும் பொருளில் பறைதல் தமிழ்ச்சொல். உங்கள் ஊரில் வழக்கொழிந்துவிட்டதென்பதற்காக அது மலையாளமாகிவிடாது.

தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகிறது. முழங்கும் கருவி மட்டுமன்று, சொல்லுதல் என்பதும் பறைக்குப் பழந்தமிழில் பொருள். கேட்ட இரகசியத்தை ஊரெல்லாம் பரப்பும் கயவரை வள்ளுவர் ‘அறைபறை அன்னர்’, அடிக்கப்படும் பறை போன்றவர், என்கிறார். பழங்கன்னடத்தில் பறெ, பின்பு ஹரெ எனத் திரிந்து முழவைக் குறிக்கிறது. மலையாளத்தில் பறயுக என்பது அன்றாடப் பேச்சு. குமரியின் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் நாங்கள் கருவியையும் வினையையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். தொலைத்தவர்கள் வந்து, வைத்திருப்பவரைப் பார்த்து ‘இது உன்னுடையதில்லை’ என்கிறார்கள்.

பள்ளியில் கட்டுரை நோட்டில் ‘பாட்டி பறைந்தார்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அச்சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘களியக்காவிளைக்கு அப்பால் போய் எழுதவும்’ என்று, கேரள எல்லையைச் சுட்டிக் குறித்து, வகுப்பில் உரக்க வாசித்தும் காட்டினார். அதன்பின் வீட்டிலும் ‘சொன்னாங்க’ என்றே பேசினேன். ‘இவ என்ன, மெட்ராஸ்காரியா?’ என்று அம்மை சிரித்தாள்.

எல்லைப்புறத்தில் மலையாளம் கலக்கத்தானே செய்யும் என்பீர்கள். கலந்திருக்கிறது, யார் மறுத்தார்கள்? இந்தச் சொல் அப்படிக் கலந்ததன்று. இன்னொருவர் மிக நாசூக்காக, ‘சாதிப்பெயரை நினைவூட்டுகிறதே, தவிர்க்கலாமே’ என்கிறார். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் ‘இந்நான்கு அல்லது குடியும் இல்லை’ என்று புறநானூறு பெருமையோடு பாடிய பெயர் ஐயா அது. அதுவே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் புகுந்து, ஒதுக்கப்பட்டவன் என்று பொருள்படத் தொடங்கியதற்குச் சொல்லா குற்றவாளி? ஒதுக்கியது யார் என்பதைப் பேசுவதற்கு மட்டும் உங்களுக்கு நாசூக்கு இடம் கொடுக்காது.

திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழரோடு சேர்த்துவிடுங்கள் என்று கேட்டதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டுச் செத்தவர்கள் பறைந்த தமிழ் இதுதான். 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தபோது எவரும் எங்களுக்கு உச்சரிப்புத் தேர்வு வைக்கவில்லை. இப்போது கைப்பேசி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தேர்வாளராகிவிட்டார்கள். அவர்களுள் ‘சூப்பர்’, ‘செம’ என்று எழுதாத ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.