"உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதியதற்கா இவ்வளவு சிரிப்பு?

பல் மருத்துவம் கடைசி வருஷம் படிக்கும் ஒரு பெண்ணின் அனுபவக் குறிப்பேட்டுப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்துப் போட்டுச் சிரித்த அந்த ஸ்கிரீன்ஷாட் உங்களுக்கும் வந்திருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். சிரிப்பு ஸ்மைலி போட்டவர்களில் பாதிப்பேர் என்னோடு படித்தவர்கள் என்று பார்த்த பிறகு முடியவில்லை.

அந்தப் பெண் என்ன எழுதிவிட்டாள்? "பல்கூழ் இனி தேறுமா, தேறாதா என்று உறுதியாகத் தெரியவில்லை. சொத்தையை முழுக்கச் சுரண்டப் பயந்தேன்." அவ்வளவுதான். (பல்கூழ் என்றால் பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மென்மையான சதை.) அனுபவக் குறிப்பேட்டில் அனுபவத்தை எழுதியிருக்கிறாள். அதற்கு, "கடைசி வருஷம் வந்தும் டயக்னோசிஸ் தெரியாத டாக்டரம்மா"வாம்.

சரி, தெரிந்த டாக்டர்களே, நீங்கள் சொல்லுங்கள். கூழின் உண்மை நிலையை வாய்க்குள் எட்டிப் பார்த்தா கண்டீர்கள்? அதற்கு அதை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். நம் கையில் இருப்பது குளிர் வைத்துப் பார்ப்பதும், தட்டிப் பார்ப்பதும், நோயாளி சொல்வதும். எலெக்ட்ரிக் டெஸ்டர் நரம்பு பதில் தருகிறதா என்றுதான் காட்டும்; ரத்த ஓட்டத்தைக் காட்டாது. எக்ஸ்ரேயில் ஆரம்பச் சொத்தை பல நேரம் தெரியாது. ஆழமான சொத்தையில் கூழுக்கு மேலே கொஞ்சம் சொத்தையை விட்டுவைத்து மூடுவது இன்று ஏற்றுக்கொண்ட சிகிச்சை. நாம் படித்தபோது அப்படி விட்டால் மார்க் போகும். அன்றைக்கு எவ்வளவு உறுதியாக இருந்தோம்!

நானும் உறுதியாக இருந்தவன்தான். ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒருவர் மேல் கடைவாய்ப்பல்லைத் தொட்டுக் காட்டி வலி என்றார். அதில் பெரிய பழைய ஃபில்லிங். வேறென்ன வேண்டும்? குளிர் வைத்துக்கூடப் பார்க்காமல் அந்தப் பல்லைத் துளைத்துத் திறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அதே வலியோடு வந்தார். கெட்டிருந்தது அதே பக்கத்துக் கீழ்ப்பல். வலி இடம் மாறித் தெரியும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். முதல் நாள் என் குறிப்பேட்டில் இருந்தது: "சரியாகக் கணித்தேன். நோயாளி ஒத்துழைத்தார்." பத்துக்குப் பத்து.

"நோயாளி முன்னால் தெரியாது என்றால் நம்பிக்கை போய்விடாதா?" என்பீர்கள். அவள் நோயாளியிடம் சொல்லவில்லை ஐயா, நோட்டில் எழுதினாள். அதைப் போட்டோ எடுத்து ஊருக்குக் காட்டியது யார்?

"படிக்காதவனும் இப்படி எழுதித் தப்பிப்பான்." தப்பிப்பான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பக்கத்தில், என்னென்ன சோதித்தாள், எது எதோடு பொருந்தவில்லை, எந்த இடத்தில் சீனியரைக் கூப்பிட்டாள் என்று வரிசையாக இருக்கிறதே. சோம்பேறிக்கு அத்தனை வரி எழுதக் கை வருமா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரொம்பச் செல்லம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தேடவும் போவதில்லை.

படிக்கும்போது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒருமுறை "தெரியவில்லை சார்" என்றேன். "அப்புறம் எதுக்கு இந்தக் கோட்டு?" என்றார் கேள்வி கேட்டவர். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. கீழ்ப்பல்லை ஏன் தட்டிப் பார்க்கவில்லை என்று இப்போது புரிகிறதா? அன்று சிரித்த ஒருவர் இந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழேயும் சிரித்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

அந்தப் பெண் அடுத்த நோயாளியைப் பற்றி என்ன எழுதுவாள் என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். "சரியாகக் கணித்தேன். நோயாளி ஒத்துழைத்தார்."