முதல் நாள் ஜெயித்தவன்தான் மாட்டிக்கொள்கிறான்

இளவயதுப் பையன்கள் ஏன் சூதாட்டத்தில் போய் விழுகிறார்கள் என்று கேட்டால், "பேராசை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிஜமான பேராசைக்காரன் கணக்குப் பார்ப்பான். சூதாட்ட விடுதிகளில் பந்தை ஓடவிட்டுச் சுழற்றும் ரூலெட் சக்கரத்தில் பொதுவாக 37 எண்கள். சரியான எண்ணில் கட்டியிருந்தால் கட்டிய பணத்தோடு 35 மடங்குதான் தருவார்கள்; 37 எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் கட்டினாலும் திரும்பி வருவது 36தான். இது தெரிந்தால் அவன் அந்தப் பக்கமே போகமாட்டான்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான் (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்). அவன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவைக் காட்டினான். ஒருத்தன் பெட்டிங்கில் ஜெயித்த தொகையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே வரிசையாகத் தீ எமோஜி. கொஞ்சம் மேலே தள்ளினால் இன்னொருத்தனின் வெற்றி, அதற்கு மேலே இன்னொன்று. "தோற்றது ஒண்ணுகூட இல்லையேடா?" என்றேன்.

"அதை யாரு மாமா போடுவா?"

இவ்வளவுதான் விஷயம். இருபது பேர் தோற்றது அந்தக் குழுவில் இல்லவே இல்லை. ஒருத்தன் ஜெயித்தது மட்டும் இருக்கிறது. நாம் மட்டும் இதில் இல்லாமல் இருக்கிறோமே என்றுதான் பையன் முதல் தடவை பணம் கட்டுகிறான். காசு அப்புறம்.

அதிலும் விளையாட்டுப் பந்தயம் என்றால் ஒரு கூடுதல் மயக்கம். சின்ன வயதிலிருந்து ஆட்டம் பார்ப்பவன், எந்த வீரர் ஃபார்மில் இருக்கிறார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அதனால் தான் செய்வது சூதாட்டம் என்றே அவனுக்குத் தோன்றாது, தன் அறிவுக்குக் கிடைக்கும் கூலி என்று நினைப்பான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பந்தயம் நடத்துகிறவனுக்கும் தெரியும், அதைச் சேர்த்துத்தான் ஜெயித்தால் எவ்வளவு தருவது என்று கணக்குப் போட்டிருக்கிறான் என்பது அந்த வயதில் உறைக்காது.

முதல் தடவையே தோற்றவன் பெரும்பாலும் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவான். ஜெயித்தவனைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். அதற்கப்புறம் வரும் தோல்வி எல்லாம் அவனுக்குத் தற்காலிகம், விட்டதைப் பிடித்துவிடலாம். ஒரு ரன்னில் தோற்றால் இன்னும் மோசம். மயிரிழையில் தவறும்போதும், ஜெயித்தால் கிளர்ச்சியடையும் மூளைப் பகுதிகள் தூண்டப்படுகின்றன என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தோற்றவனுக்கு "ஜஸ்ட் மிஸ்" என்ற நினைப்பு மட்டும்தான் தங்கும்.

இந்தப் பழக்கம் பதினெட்டு வயதில் திடீரென்று முளைப்பதும் இல்லை. வீடியோ கேமுக்குள் விற்கும் பரிசுப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறானே பத்து வயதுப் பையன், அதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெட்டி குலுங்கும், வெளிச்சம் வரும், படங்கள் வேகமாக ஓடி மெல்ல நிற்கும். அரிய பொருளில் நிற்காமல் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கட்டுவதற்கு வேறு என்ன பெயர்? பெல்ஜியம் 2018இலேயே இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்து சில கேம்களிலிருந்து எடுக்க வைத்தது.

விளம்பரம் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் கொண்டாடும் கால்பந்து நட்சத்திரங்களைச் சூதாட்ட விளம்பரத்தில் காட்டக்கூடாது என்று பிரிட்டனில் 2022இல் விதி கொண்டுவந்தார்கள். யாரைப் பார்த்து யார் ஆட வருகிறார்கள் என்று தெரிந்துதானே?

உளவியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க நோய்ப் பட்டியலில் 2013 முதல் சூதாட்டக் கோளாறும் மது, போதை அடிமைத்தனத்தின் வரிசையில்தான் இருக்கிறது. நாம் இன்னும் "பேராசை பிடித்தவன்" என்று திட்டிக்கொண்டிருக்கிறோம். திட்டு வாங்கினவன் வாய் திறப்பானா? கடனை மறைக்க இன்னொரு கடன் வாங்குவான்.

அக்கா மகனிடம், "மொத்தமா எவ்வளவு போச்சு?" என்று கேட்டேன். ஒரே ராத்திரியில் எவ்வளவு ஜெயித்தான் என்று சொன்னான். அதைக் கேட்கவில்லை என்றேன். வங்கிக் கணக்கைத் திறந்து இரண்டு பேருமாகக் கூட்ட ஆரம்பித்தோம். இரண்டாவது மாதத்துக்கு வந்தபோது போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"மீதியை நானே கூட்டிக்கிறேன் மாமா."