ரைமுக்குக் கடைசி எழுத்துகளைப் பார்த்தால் போதாது

‘கடைசி நான்கு எழுத்தும் ஒன்றாக இருந்தால் அந்த ஆங்கிலச் சொற்கள் ரைம் ஆகும், பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லிக்கொடுங்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ரைமுக்கு ஓசைதான் கணக்கு. அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து சொல் முடியும்வரை ஓசை ஒத்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய மெய்யொலி மாற வேண்டும்.

ஓ, யூ, ஜி, எச் என முடியும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். காஃப் என்றால் இருமல், பௌ மரக்கிளை, டோ பிசைந்த மாவு, த்ரூ என்றால் ஊடாக. எழுத்தில் ஒரே வால், வாயில் நான்கு ஓசை! காஃபுக்கு ஆஃப் பொருந்தும், பௌவுக்குப் பசுவைக் குறிக்கும் கௌ, டோவுக்குப் பனியைக் குறிக்கும் ஸ்னோ. த்ரூவுக்கோ ஷூ, ப்ளூ, ‘இரண்டு’ என்னும் டூ எல்லாமே ரைம்தான், எழுத்து துளியும் ஒட்டாவிட்டாலும்.

லவ், மூவ் போன்ற ஜோடிகளைப் பழைய கவிதைகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு ‘ஐ ரைம்’ என்று தனிப் பெயரே உண்டு, கண்ணுக்கு மட்டும் பொருந்துபவை.

அப்புறம், ரைம் என்றால் எதுகை என்று சொல்வதும் சரியில்லை. எதுகை சீரின் (செய்யுளடியின் ஓர் உறுப்பு) இரண்டாம் எழுத்தில் வருவது. நம் யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், ரைமுக்கு நெருங்கியது அடிகளின் இறுதி ஒத்துவரும் இயைபு.