விட்டம், நாலு கட்டம்

வியாழக்கிழமையிலிருந்து அந்தக் கரும்பலகைப் படம் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டதோ தெரியாது. பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "கணக்கு டீச்சர் வார இதழ் நடத்துகிறார்" என்ற வரியோடு அனுப்பியவர் யாரென்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கட்டங்களைப் போட்டது நான்தான். எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொற்களை வைத்துப் போட்ட குறுக்கெழுத்து. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நம் பிள்ளைகளில் பலருக்குக் கணக்கு வராமல் இல்லை. கணக்கில் இருக்கிற சொல் புரியவில்லை. இதைத்தான் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் ஒரு பையனிடம் செவ்வகத்துக்கு மூலைவிட்டம், அதாவது எதிர் மூலைகளைச் சேர்க்கிற கோடு, வரையச் சொன்னேன். ஒரு மூலையில் காம்பஸை ஊன்றி, சின்னதாக ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே கோடு இழுத்துக் கொண்டுவந்தான். "விட்டம்னா வட்டத்துக்குத்தானே டீச்சர்? மூலையில கேட்டீங்க, அதான் மூலையில போட்டேன்." அவன் எவ்வளவு யோசித்திருக்கிறான் பாருங்கள்! நான் சிவப்பு மையில் தப்புப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், இந்தக் கட்டங்கள். நாற்கரம், இணைகரம், செவ்வகம், சரிவகம் எல்லாமே ஐந்து கட்டம், எல்லாமே 'ம்'மில் முடிகிறவை. கடைசிக் கட்டத்தில் 'ம்' மட்டும் எழுதி, "ஒரு சோடி எதிர்ப்பக்கம் மட்டும் இணை" என்று குறிப்புக் கொடுத்தால், பிள்ளை நான்கையும் மனதில் புரட்டி மூன்றைத் தள்ளியாக வேண்டும். ஏன் தள்ளினாய் என்று கேட்டால் அவன் சொல்வதுதான் வரையறை. யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

இப்போது குறிப்புகளை அவர்களே எழுதுகிறார்கள். ஒரு பெண் எழுதியது: "வீட்டுக்கும் குறுக்கே, வட்டத்துக்கும் குறுக்கே (4)." அவள் வீடு ஓட்டு வீடு. படுத்தால் கண்ணுக்கு நேரே விட்டம்தான். இனி அந்தச் சொல்லை அவள் மறப்பாளா?

"தேர்வில் குறுக்கெழுத்தா வருகிறது?" என்று கேட்கிறார்கள். வராது. ஆனால் கேள்வி சொல்லில்தான் வருகிறது. "தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக மாற்றுக" என்றால், வகுக்கத் தெரிந்த பிள்ளையும் 'தகா'வில் நின்றுவிடுகிறது. பாடம் முடியாது என்பவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன், நான் முடித்துவிட்டேன். "பதினொன்றில் இங்கிலீஷ் மீடியம் போனால் இந்தச் சொல்லெல்லாம் எதற்கு?" என்றார் ஒருவர். டயாமீட்டர் என்று சொன்னதும் புரிந்துவிடுமா? அந்தச் சொல்லையும் ஒருவர் உட்கார்ந்து புரியவைக்கத்தானே வேண்டும்?

தமிழ் ஐயாவின் வேலையில் கணக்கு டீச்சருக்கு என்ன என்றும் ஒரு பேச்சு. தமிழ் வகுப்பில் பகுபதம், பகாப்பதம் நடந்த வாரத்தில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அந்தப் பகாவும் நம்ம பகா எண்ணும் ஒண்ணா?" என்று கேட்டான். ஒன்றுதான். பிரிக்க முடியாத சொல் பகாப்பதம். 12ஐ மூன்று நான்காகப் பிரிக்கலாம், 13ஐ அப்படிப் பிரிக்க முடியாது, அதனால் அது பகா எண். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கே அதுவரை தோன்றாத ஒன்று. இது எந்தப் பாடவேளையில் சேரும்?

புதிரும் கணக்கும் நம்மிடம் சேர்ந்தே இருந்தவை. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணக் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வழி இருக்கிறது: காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகு. அதைப் பாட்டாகவே சொல்லி வைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் நடத்திய லூயிஸ் கரோல், ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக மாற்றி இன்னொரு சொல்லாக்கும் புதிரை 1879இல் பத்திரிகையில் வெளியிட்டார். அவரையும் வார இதழ் நடத்துகிறார் என்பீர்களா?

நான் ஆறாவது படித்தபோது தேர்தல் சமயம். தொகுதி என்றால் எனக்கு ஓட்டுப் போடுகிற தொகுதிதான். பின்னத்தில் மேலே இருக்கிற எண்ணைத் தொகுதி என்றதும், பின்னத்துக்கு எப்படித் தொகுதி வரும் என்று கேட்டேன். அதிகப்பிரசங்கி என்று முட்டி போட வைத்தார்கள். சிமென்ட் தரை, சின்னச் சின்ன மணல். முட்டியில் பதிந்த புள்ளிகளைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அந்த வருடம் முழுக்கக் கணக்கு வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு யாராவது எனக்குத் தொகுதி என்று மூன்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தால்?

படத்தை அனுப்பியவரும் ஓர் ஆசிரியர்தான். அதுதான் வலிக்கிறது. அலுவலர் திட்டினால் பதில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவர், வகுப்புக்குள் வந்து "இது என்ன டீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் படத்தின் ஓரத்தில் என் பிள்ளைகள் இரண்டு பேர் கை தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அதையாவது பார்த்திருக்கலாம்.

சரி. திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்குச் சராசரி, இடைநிலை அளவு (வரிசையில் நடுவில் நிற்கிற எண்), முகடு (அதிக முறை வருகிற எண்). 'முகடு' மூன்று கட்டம். கூரை முகட்டை வைத்து ஒருத்தி ஏற்கெனவே குறிப்பு எழுதிவிட்டாள். 'சராசரி'க்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. யாருக்காவது தோன்றினால் ஞாயிறு ராத்திரிக்குள் அனுப்புங்கள்.