வாடகையும் மனோரஞ்சிதமும்

(கும்பகோணத்தில் ஒரு மாடிவீடு. படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மொட்டைமாடி வரை படர்ந்திருக்கிறது மனோரஞ்சிதக் கொடி. கீழே வீட்டுக்காரம்மா, மேலே குடியிருக்கும் செல்வம். வாடகை தரவேண்டிய தேதி 5. இன்று 12.)

செல்வம்: அம்மா, இந்தக் கொடியை வெட்டிவிடுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை.

அம்மா: ஏன், குறட்டை விடுகிறதா?

செல்வம்: மனோரஞ்சிதத்துக்குப் பாம்பு வருமாம். தெருவே சொல்கிறது.

அம்மா: பூ வாசனைக்குப் பாம்பு வந்தால் பூக்கடைத் தெருவில் ஒருத்தரும் நடமாட முடியாதே! புதர் மண்டினால் எலி, தவளை சேரும். அதைத் தேடி வந்தால்தான் உண்டு. அதற்குத்தானே தினமும் அடியைப் பெருக்குகிறேன். பூவைத் தேடி வருவது சின்னச் சின்ன வண்டுகள்தான்.

செல்வம்: வண்டு வேறா! அப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகையைக் கொஞ்சம் பார்த்து...

அம்மா: சுற்றி வளைத்து அங்கே வருகிறாயா? சரி, முதலில் இதை முகர்ந்து பார். எந்தப் பழத்தை நினைக்கிறாயோ அந்த வாசனை வரும்.

செல்வம்: என்னம்மா, இலையைப் பறித்துக் கொடுக்கிறீர்கள்?

அம்மா: பூதான் தம்பி. வெளியே மூன்று, உள்ளே மூன்று, ஆறு இதழ் இருக்கிறது பார். தொட்டுப் பார், எவ்வளவு தடிப்பு! சீத்தாப்பழ மரத்துக்கு இது சொந்தக்காரக் கொடி. அப்புறம் இன்னொன்று, வாடகை பாக்கி வைத்தவர்களுக்கு மட்டும் வாசனையே தெரியாதாம்.

செல்வம்: (நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து) ஆஹா! மலைவாழை! அப்படியே பலாச்சுளை! நடுவில் கொஞ்சம் அன்னாசி!

அம்மா: இன்னும் நன்றாக இழு.

செல்வம்: மாம்பழம்கூட அடிக்கிறதம்மா!

அம்மா: அது இப்போதுதான் விரிந்த பச்சைப் பூ. மஞ்சளாகப் பழுத்தால்தான் மணக்கும். இப்போது தழை வாசனை தவிர அதில் ஒன்றும் கிடையாது.

செல்வம்: (இருமுகிறார்) என் மூக்கு கொஞ்சம் முன்கூட்டியே வேலை செய்யும்.

அம்மா: வாடகையிலும் அப்படி இருந்தால் தேவலையே! (இலைகளுக்குள் கையை விட்டுத் துழாவி) இதோ மஞ்சள் பூ. கண்ணுக்குத் தெரியாது, மணத்தை வைத்துத்தான் பிடிக்கவேண்டும். இப்போது பார்.

செல்வம்: அட! நிஜமாகவே பழம்! எப்படியம்மா?

அம்மா: பழங்களுக்கு மணம் தருகிற எஸ்டர் வகையறா இதிலும் இருக்கிறதாம், கெமிஸ்ட்ரி படித்த மருமகள் சொன்னாள். எல்லாப் பழமும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த மாதிரி இருக்கும். மனசு எதை நினைக்கிறதோ, மூக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். நீ எதை நினைத்தாய்?

செல்வம்: ஆப்பிள். நேற்று விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வந்தேன். சரிம்மா, ஆபீஸுக்கு நேரமாகிறது... (நழுவுகிறார். சட்டை பின்னால் இழுபடுகிறது) ஐயோ, யாரது?

அம்மா: கொடிதான். பூக்காம்பு கொக்கியாக வளைந்திருக்கும். அதை மாட்டித்தான் மேலே ஏறுகிறது. பூ உதிர்ந்தாலும் கொக்கி முற்றிக் கட்டையாகிவிடும், லேசில் விடாது.

செல்வம்: எடுத்துவிடுங்கள் அம்மா, புதுச் சட்டை!

அம்மா: ஓ, சட்டை புதுசா? பணம் எந்தப் பையில் இருக்கிறது?

செல்வம்: இடது பை... இல்லை, எந்தப் பையிலும் இல்லை!

அம்மா: (இடது பைக்குள் கையை விட்டபடி) அசையாதே தம்பி. அசைந்தால் கிழியும்.